செவலையைத் தொடாத மாதம்

எங்கள் அப்பா வாயால் சொல்லும் பொய்க்கு அளவே கிடையாது. திராட்சை வாங்க வரும் வியாபாரியிடம், நேற்றே ஒருத்தர் வந்து நல்ல விலை பேசிவிட்டுப் போனதாகக் கூசாமல் சொல்வார். பிடிக்காத சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் அன்று காலையிலேயே அவருக்கு வயிறு சரியிருக்காது. ஆனால் கையெழுத்துப் போடுகிற காகிதம் என்று வந்துவிட்டால் மனுஷன் அரிச்சந்திரன். பள்ளிக்கூடத்துக்கு விடுப்புக் கடிதம் எழுதி நீட்டினால் முதலில் என் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார். சுடவில்லை என்றால், 'காய்ச்சல் காரணமாக' என்பதை அடித்துவிட்டு 'கல்யாணத்துக்குப் போய் வந்த அலுப்பு காரணமாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். வகுப்பில் நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும்.

இந்தக் குணம் கம்பம் பள்ளத்தாக்கோடு நின்றிருந்தால் தொலைகிறது என்று விட்டிருக்கலாம். எங்களோடு ஆஸ்திரேலியா வரைக்கும் அல்லவா வந்தது.

அம்மாவுக்கு ஒரே தங்கை. கல்யாணமாகி மெல்போர்னுக்குப் போன சித்திக்கு அங்கேயே பிள்ளை பிறந்தது. பிரசவத்துக்குக் கூட இருக்க முடியவில்லையே என்று அம்மா மருகிக்கொண்டே இருந்தாள். பிள்ளை எழுந்து நடப்பதற்குள் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. முழுப்பரீட்சை லீவில் மூன்று பேரும் போவதென்று முடிவாகி, டிக்கெட்டும் போட்டாயிற்று. விசாக் காகிதங்களோடு சித்தி ஒரு வெள்ளை அட்டையையும் சேர்த்து அனுப்பியிருந்தாள். விமானத்தில் இதுமாதிரி ஒன்று தருவார்கள், சுங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், இப்போதே படித்துப் பழகிக்கொள்ளுங்கள் என்று குறிப்பு வேறு.

படித்துச் சொல்லப் பெரியப்பா வந்தார். அப்பாவுக்கு மூத்தவர். துபாய்க்குப் போய்விட்டு வந்தவர் என்பதால் எங்கள் தெருவில் விமானம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவர்தான் அதிகாரி. அங்கே எவ்வளவு காலம் இருந்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது, கோபம் வந்துவிடும். ஊருக்கு வந்த பிறகு எந்த வேலைக்கும் அவர் உடம்பு வளையவில்லை.

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். சாப்பாட்டுச் சாமான், விதை, மரச்சாமான், மண் ஒட்டின செருப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்தா, இதான் சிக்கல். முப்பது நாளைக்குள்ள தோட்டந்தொரவு, ஆடு மாடு, காடு, ஆறு ஓடை, இதுக கிட்ட எதுக்காவது போனியான்னு கேக்குறாக."

"போகாம? நான் வேற எங்கன போவேன்?" என்றார் அப்பா.

"அப்ப ஆமான்னு போடணும். ஆமான்னு போட்டேன்னா வாசல்லயே மறிச்சு அடுத்த பிளேன்ல ஏத்தி விட்டுருவாக."

"துபாய்ல அப்படியா செஞ்சாக?"

"துபாய்ல ஏதுலே ஆறு?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இல்லைன்னு போட்டுட்டுப் போங்களேன். அம்புட்டுத் தூரத்துலருந்து வந்து பாக்கவா போறாக?"

கோயில் உண்டியலை உடைக்கச் சொன்னதுபோல அப்பா அவளைப் பார்த்தார். "கீழ கையெழுத்து யாரு போடுறது? நீயா?"

டிக்கெட் போகப் போகிறது, தங்கச்சி பிள்ளை கனவாகப் போகிறது என்று அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. அதைப் பார்த்த அப்பா கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஏண்ணே, முப்பது நாள் இதுக கிட்டயே போகாம இருந்துட்டா இல்லைன்னு போடலாம்ல?"

"தாராளமாப் போடலாம்."

"அப்பச் சரி. அதுவரைக்கும் தோட்டத்தையும் மாட்டையும் நீதான் பாக்கணும்."

பெரியப்பா அட்டையைக் கீழே வைத்தார். அந்த அட்டையைப் படித்ததற்காக அவர் வருத்தப்பட்டதுபோல நான் பரீட்சை மார்க்குக்குக்கூட வருத்தப்பட்டதில்லை.

இப்படித்தான் விவசாயம் தவிர வேறு தெரியாத ஒரு சம்சாரி, கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டே, முப்பது நாள் மண்ணையும் மாட்டையும் தொடாமல் இருக்கத் தொடங்கினார். லேசில் நடக்கிற காரியமா அது! வீட்டை விட்டு இறங்கினால் திராட்சைப் பந்தல், திரும்பினால் வாய்க்கால், பஸ்ஸில் ஏறினால் பின் சீட்டில் யாராவது ஆட்டுக்குட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். முல்லையாற்றுக் குளியலை விட்டுக் குளியலறைக்குள் நுழைந்தார். இத்தனை காலம் அங்கே சோப்பு எங்கே இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது. மாட்டுப்பால் அந்தக் கணக்கில் சேர்த்தியா இல்லையா என்று பெரியப்பாவால் தீர்ப்புச் சொல்ல முடியாமல் போகவே கடுங்காப்பிக்கு மாறினார். தினமும் மொட்டைமாடியில் ஏறி நின்று, தூரத்தில் தெரிகிற தோட்டத்தைப் பார்த்து செல்போனில் கத்துவார்: "மூணாவது வரிசைக்குத் தண்ணி போகலண்ணே! கண்ணு தெரியுதா இல்லையா?" பார்ப்பது தொடுவதில் சேராது என்று தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொண்டார்.

முதல் வாரம் கூண்டுப் புலிதான். அடுத்த வாரம் மிக்சியைக் கழற்றிப் போட்டு ரிப்பேர் பார்த்தார். அடுப்படி அலமாரியின் ஒரு கால் வெகுநாளாக ஆடுகிறது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எனக்குச் சடை பின்னிவிட்டார். ஒன்று வானத்தையும் ஒன்று பூமியையும் பார்த்தது. பரீட்சை முடிந்து பள்ளிக்கூட வாசலுக்கு வந்தால் சைக்கிளோடு நிற்பார். மத்தியானம் அம்மாவோடு தரையில் கட்டம் போட்டுத் தாயம் ஆடுவார், தோற்றால் கட்டத்தை அழிப்பார். ஒருநாள் இரண்டு பேரும் கம்பத்துக்குப் போய் சினிமா பார்த்துவிட்டு அல்வாவோடு வந்தார்கள். என்னை அழைத்துப் போகவில்லை என்று நான் அன்று சாப்பிடவே இல்லை.

"இந்த மனுசன் வீட்ல கெடந்து என் உசுரை வாங்குறாக," என்று அம்மா தெருவெல்லாம் புலம்பினாள். புலம்பிக்கொண்டே பூக்காரியைக் கூப்பிட்டு மல்லிகைப்பூ வாங்கினாள். விசேஷம் இல்லாத நாளில் எதற்குப் பூ என்று நான் கேட்டேன். அவள் கண்ணாடி முன்னால் நின்று வைத்துக்கொண்டாள்.

அந்த நாட்களில்தான் சித்தியின் போன் வந்தது. அப்பா மாடியில் கத்திக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அம்மா வெங்காயம் உரித்தாள். விஷயத்தைக் கேட்டதும் சித்தி அங்கே விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, ஆமான்னு போட்டா யாரும் திருப்பி அனுப்பமாட்டாங்க. செருப்பைக் காட்டச் சொல்வாங்க, ரெண்டு கேள்வி கேப்பாங்க, அம்புட்டுத்தான். பொடி, கருப்பட்டி எல்லாம்கூட எழுதிக் காட்டிட்டுக் கொண்டு வரலாம். மச்சான்கிட்டச் சொல்லு, பாவம்."

"சரிடி. நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்," என்றாள் அம்மா.

அப்பா இறங்கி வந்து என்ன என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, உங்களை விசாரிச்சா," என்றாள் அம்மா. நான் வாயைத் திறந்தேன். "பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இங்க என்னா காது?" என்று என்னைத்தான் விரட்டினாள்.

பாவம், அம்மாவுக்கு மறதி என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று, செவலை கயிற்றை அறுக்கும்வரை. செவலை எங்கள் பசு. அப்பாவைத் தவிர வேறு யார் கையும் அதற்கு ஆகாது. காணோமே என்று தேடித் தோட்டத்திலிருந்து நேராகத் தெருவுக்கு வந்துவிட்டது. கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அப்பா, எதிரே அது வருவதைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அது பின்னாலேயே ஓடியது. தண்ணீர்த் தொட்டி மேடையில் ஏறி நின்றுகொண்டார். அது கீழே நின்று கழுத்தை நீட்டி அண்ணாந்து பார்த்தது.

"என்னா சம்சாரி, சொந்த மாடே முட்ட வருதா?" என்று தெருவே கூடிச் சிரித்தது.

"போத்தா. தோட்டத்துக்குப் போ, ஆத்தா. இன்னும் கொஞ்ச நாள்தான்," என்று அப்பா மேலேயிருந்து கெஞ்சினார். பெரியப்பா மூச்சிரைக்க வந்து கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து செவலை தீவனத்தில் வாய் வைக்கவில்லை. பெரியப்பா கை வைத்தால் பாலை மேலே இழுத்துக்கொண்டது. பால் தேங்கி மடி கட்டிக்கொள்ளும் என்று அவர் வந்து சொன்னபோது அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நான் போறேன். ஆஸ்திரேலியாவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

அம்மா வாசலை மறித்தாள். "நீங்க இருங்க. நான் போறேன்."

"உனக்கும் அட்டை இருக்குல்ல?"

"என் அட்டையில நான் ஆமான்னு போட்டுக்கிறேன். என்னையத் திருப்பி அனுப்புனா அனுப்பட்டும். உங்க கையெழுத்துக்கு ஒரு கொறையும் வரக்கூடாது."

தங்கச்சி பிள்ளைக்காக இத்தனை நாள் தவித்தவள், தன் கையெழுத்துக்காக அதையும் விடத் துணிந்துவிட்டாளே என்று அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன்னையத் திருப்புனாகன்னா நானும் அங்கனயே திரும்பிருவேன்," என்றார். அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழாதே, அழாதே என்று அப்பா தேற்றினார். நான் அவளுக்கு முன்னால் நின்றிருந்தேன். அவள் அழவில்லை.

அம்மாவின் சேலையில் ஒட்டியிருந்த அப்பா வாசத்துக்கோ என்னவோ, செவலை இறங்கி வந்து பால் கொடுத்தது. எப்படியும் ஆமாம்தானே, இரண்டு பொட்டலம் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன் என்று அம்மா ஏலக்காய், கருப்பட்டி, பருப்புப்பொடி, பிள்ளைக்கு உரைமருந்து என்று தன் பெட்டியை நிரப்பினாள். அப்பாவின் பெட்டியில் ஒரு கடுகு கிடையாது.

மெல்போர்னில் வரிசையில் நின்றோம். அம்மாவின் அட்டை முழுக்க ஆமாம். அதிகாரி அவள் செருப்பைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், உரைமருந்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதோடு போகச் சொல்லிவிட்டார். அப்பாவின் அட்டை முழுக்க இல்லை. அதை வாங்கிப் பார்த்தவர் மறுபடி பார்த்தார். தொழில் என்ற இடத்தில் அப்பா 'விவசாயி' என்று எழுதியிருந்தார். அதுவும் உண்மைதானே?

எனக்குத் தெரிந்த ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு நான்தான் நடுவில் நின்றேன்.

"அப்பா, விவசாயின்னா முப்பது நாளா ஏன் தோட்டத்துக்குப் போகலன்னு கேக்குறாக."

"போகக்கூடாதுன்னு அவுகதான சொன்னாக? அவுகளையே கேளு."

அதை அப்படியே சொன்னேன். அதிகாரி இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் ஒரு அம்மாளைக் கூப்பிட்டார். பெட்டியைக் கவிழ்த்து மடிப்பு மடிப்பாகத் தடவினார்கள். அப்பாவின் நகக்கண்ணைக்கூடப் பார்த்தார்கள். நான் கடுங்காப்பி, மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் கையையும் காலையும் ஆட்டிச் சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்படியானால் பால் கறந்தது யார் என்று கேட்டார். அப்பா பெருமையாக அம்மாவைக் காட்டினார்.

காரில் ஏறியதும் சித்தியிடம் இதையெல்லாம் சொன்னோம். அம்மா பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். "அக்காகிட்ட நான் அப்பவே சொன்னேனே மச்சான், ஆமான்னு போட்டா ஒண்ணுமில்லன்னு!" என்றாள் சித்தி.

அப்பா மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"மறந்துட்டேன்," என்றாள் அம்மா, பிள்ளையின் தலையை மோந்தபடி.

யார் கல்யாணத்தில் யார் என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்று சொல்கிறவள் அவள். "இல்லப்பா, அன்னிக்கு..." என்று நான் தொடங்கினேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அப்பா என்னைக் கவனிக்கவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப் போகிறார் என்று பயந்தேன். அவரோ சித்தியிடம் கேட்டார்: "அந்த வெள்ளை அட்டை இன்னொண்ணு கெடைக்குமாத்தா?"

அடுத்த வருஷம் திராட்சை அறுப்பு முடிந்ததுமே அப்பா அந்த அட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பெரியப்பாவுக்கு ஆள் போயிற்று.

"மறுபடியுமா? எந்த ஊருக்குலே?" என்று அலறினார் பெரியப்பா.

"ஊரு இன்னும் முடிவாகலண்ணே. முப்பது நாள் முன்கூட்டியே இருந்துட்டா நல்லதுதான?"

பால் தான் கறந்துகொள்வதாக அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். அவள் தலையில் பூ இருந்தது. நான் ஓடிப்போய்ப் பெட்டியைத் துடைத்து, நல்ல துணியாகப் பார்த்து மடித்து வைத்தேன். தினமும் திறந்து பார்த்துக்கொண்டேன். முப்பது நாள் போயிற்று, பள்ளிக்கூடமும் திறந்தது, ஓர் ஊருக்கும் போகவில்லை. அட்டையில் அப்பா கையெழுத்தே போடவில்லை. ஏமாற்றிவிட்டீர்கள் என்று பெட்டியின்மேல் உட்கார்ந்து நான் ஓவென்று அழுதேன். ஊருக்குப் போகாததைவிட இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை: நான் அழ அழ, தாயக் கட்டத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து இரண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள்.