பஞ்சுவுக்கு விழுந்த கவ்வாத்து

மாயாண்டி கங்காணியின் கையில் கவ்வாத்துக் கத்தியைப் பார்த்தவர்கள் அவரை மறக்கமாட்டார்கள். ஒரே வீச்சு, சாய்வான வெட்டு, குச்சியில் ஒரு பிசிறு இருக்காது. அவருக்குக் கீழே வேலை செய்தவர்களும் அப்படியே வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் மறுநாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்து வாங்கக் கூடியிருக்கிற அத்தனை பேர் முன்னாலும் மானத்தை வாங்கிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் அவருடைய கை சும்மா இருக்கவில்லை. குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி இருந்த கொய்யா, வேலி, பக்கத்து வீட்டுக் காம்பராக்காரியின் ரோஜா எல்லாம் மொட்டையாகிக்கொண்டே வந்தன.

தேயிலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சில வருடங்களுக்கு ஒருமுறை செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளுவார்கள். அதுதான் கவ்வாத்து. வெட்டிய மலையைப் பார்த்தால் தோட்டம் செத்துப்போனது போலத்தான் தெரியும். கொஞ்ச மாதம் பொறுத்தால் அத்தனை செடியும் ஒரே மட்டத்தில் தளதளவென்று துளிர்த்து நிற்கும். உலகத்தில் எல்லாமே இப்படித்தான் என்று மாயாண்டி நம்பினார். எதையும் நன்றாக ஒட்ட வெட்டிவிட்டால் போதும், தானாக ஒழுங்காக வளரும்.

மகள் விஷயத்திலும் அதையேதான் செய்தார். தனுஷிகா கொழும்பில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனாள். கூட வேலை செய்த நிரோஷன் என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாக வந்து சொன்னாள். பையன் நல்லவனா, குடிப்பவனா என்று கேட்கவில்லை இவர். என்ன ஆட்கள், என்ன சாதி என்று மட்டும் கேட்டார். பதில் பிடிக்கவில்லை. வாசலில் நின்று, "இனிமே என்னய அப்பான்னு கூப்புடாத" என்று சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து அவர் சொன்ன ஆயிரம் புத்திமதியில் அந்தப் பெண் அப்படியே கேட்டு நடந்தது இந்த ஒன்றைத்தான்.

வருடங்கள் ஓடின. அம்மாவோடு மட்டும் போனில் பேசுவாள். வெட்டிவிட்ட உறவு துளிர்க்கும் என்று மாயாண்டி காத்திருந்தார். துளிர்க்கவில்லை. வெளியே கேட்டால், "நமக்கென்னங்க, எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்பார். சொல்லிவிட்டு, என் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் டோர்ச் லைட்டுகளை வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். என் பெயர் சோமசுந்தரம். லிந்துலை பஜாரில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிறேன். அந்த மனுசன் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் அப்படி நிற்கும்போது பார்க்கப் பாவமாக இருக்கும்.

அப்போதுதான் பஞ்சு வந்தது. வெள்ளை வெளேரென்று, காற்றடித்தால் பறந்துவிடும் போல ஒரு பொமரேனியன் நாய். தனுஷிகாவும் நிரோஷனும் புதிதாகக் குடிபோன மாடி வீட்டில் நாய் வளர்க்கக்கூடாதாம். வேறு வீடு கிடைக்கும் வரை மலையில் இருக்கட்டும் என்று கொண்டுவந்து, அம்மா அம்மாக்கண்ணு கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அம்மாக்கண்ணு கொழுந்து எடுக்கப் போகிறவர். காலையில் கூடையை மாட்டினால் அந்திக்குத்தான் வீடு. ஆகவே பஞ்சு மாயாண்டியின் தலையில் விழுந்தது. இல்லை, மடியில் விழுந்தது. முதல் வாரம் 'சனியன்' என்றார். அடுத்த வாரம் தன் பிளேன்டீயில் தொட்டு அதற்கு பிஸ்கட் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தனுஷிகா வீடியோவில் வருவாள். அம்மாக்கண்ணு போனைப் பிடிக்க, மாயாண்டி நாயைப் பிடிப்பார். ஒருநாள் மாயாண்டி வீட்டு பிளக் எரிந்துபோனதைப் பார்க்கப் போயிருந்தபோது, இந்தக் கூத்தைக் கண்ணாரக் கண்டேன்.

"பஞ்சு, சாப்டியா?" என்றாள் மகள்.

"சாப்டுச்சு. மீனும் சோறும்" என்றார் மாயாண்டி.

"பஞ்சு, அங்க மழையா?"

"காலையில இருந்து விடாம பேயுது."

"பஞ்சு, ஏன் ஒன் முடியெல்லாம் சிக்குப் புடிச்சு கெடக்கு? அங்க யாரும் சீவி விடுறதில்லயா?"

மாயாண்டி நாயைப் புரட்டி விரலை விட்டுப் பார்த்தார். நாய் தேயிலைக்குள் ஓடி, மழையில் நனைந்து, அடிவயிற்றிலும் காதுக்குப் பின்னாலும் முடி திரண்டு கட்டியாகியிருந்தது. அதற்குள்ளே அட்டைகள் வேறு குடியிருந்தன. ஆனால் அவரை உலுக்கியது அதுவல்ல. 'அங்க யாரும்' என்று சொன்னாளே, அந்த 'யாரும்' தான்தான் என்று அவருக்குப் புரிந்தது. இத்தனை வருடத்தில் மகள் அவருக்குக் கொடுத்த முதல் வேலை அது. அழகாகச் செய்து காட்டினால் ஒருவேளை நாயை விட்டுவிட்டு நேராகத் தன்னோடு பேசுவாள் என்று நினைத்தார். அம்மாக்கண்ணுவிடம் வாய்விட்டே சொன்னாராம்.

மறுநாள் நாய்க்கு முடி வெட்ட மிசின் கேட்டுக் கடையில் வந்து நின்றார். நான் மூன்று கிளிப்பரை எடுத்து வைத்தேன். ஒன்று சலூன்காரர்கள் வாங்கும் கனமான வயர் மிசின். இன்னொன்று தாடிக்கு உதவும் சின்னது. மூன்றாவது நாய்க்கென்றே செய்தது. பங்களாக்காரர்கள் யாராவது வாங்குவார்கள் என்று கொழும்பிலிருந்து எடுத்து வந்து, தூசி தட்டிக்கொண்டே இருந்தேன். மாயாண்டி மூன்றையும் ஓட விட்டுக் கேட்டார். சலூன் மிசின் கடையையே அதிர வைத்தது.

"இதாங்க மொதலாளி, மிசின். அது என்னா, கொசு மாதிரி முணுமுணுங்குது?"

"கங்காணி, சத்தம் கேட்டா நாய் பயந்து கையக் கடிச்சிரும். முணுமுணுங்குறதுதான் நாய்க்கு. வயரும் இல்ல, நாய் சுத்திச் சுத்தி ஓடுனாலும் சிக்காது."

அரை மனதோடு அதை எடுத்துக்கொண்டார். என் கடையில் சாமான் வாங்குகிறவர்கள் ஒரு பிரசங்கத்தையும் இலவசமாக வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். அன்றும் செய்தேன். நாயைக் குளிப்பாட்டி நன்றாகக் காய வைக்க வேண்டும். ஈர முடியில் மிசினை வைக்கக்கூடாது. சிக்கை முதலில் விரலாலும் சீப்பாலும் பிரிக்க வேண்டும். பிளேடுக்கு மேலே பிளாஸ்டிக் சீப்பை மாட்டி, முடி படுத்திருக்கும் பக்கமாக மெதுவாகத் தள்ள வேண்டும். கொஞ்சம் ஓடினதும் பிளேடைத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். சுட்டால் நாய்க்கும் சுடும், நிறுத்தி ஆறவிட வேண்டும். முடிந்ததும் பிரஷ்ஷால் மயிரைத் தட்டி, கூடவே வந்த சின்னப் போத்தலில் இருந்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஓட விட்டுத் துடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மாதிரி நாய்க்கு உள்முடி வேறு, மேல்முடி வேறு. சீப்பைக் கழற்றிவிட்டுத் தோல் வரை வழிக்கவே கூடாது. இதை நான் சொன்னேன். எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

"செடி வெட்டுனவனுக்கு மயிர் வெட்டச் சொல்லித் தாறீங்களே மொதலாளி" என்று சிரித்துவிட்டுப் போனார்.

சில நாட்களில் மிசினைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓடவில்லை, ஏமாற்றிவிட்டீர்கள் என்று பஜாருக்கே கேட்கும்படி சொன்னார். திறந்து பார்த்தேன். பிளேடுக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ இறுகிக் கிடந்தது. தேங்காய் எண்ணெய்! சின்னப் போத்தலைப் பார்த்து நம்பிக்கை வராமல், கத்திக்குப் போடுகிற தேங்காய் எண்ணெயையே தாராளமாக ஊற்றியிருக்கிறார். எங்கள் ஊர்க் குளிரில் காலையில் தலைக்கு வைக்கவே எண்ணெய்ப் போத்தலை அடுப்போரம் வைத்து உருக்கித்தான் எடுப்போம். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் ஊற்றியிருக்கிறார். எண்ணெய் உறைந்து, மயிரையும் சேர்த்துக்கொண்டு கட்டியாகிவிட்டது. சுரண்டி, துடைத்து, சரியான எண்ணெய் விட்டு ஓட்டிக் காட்டினேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுசன்.

அதற்குப் பிறகு நடந்ததை அம்மாக்கண்ணுதான் போனுக்கு ரீலோட் போட வந்தபோது சொன்னார். சொல்லும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிளாஸ்டிக் சீப்பு சிக்கில் மாட்டி மாட்டி நின்றிருக்கிறது. மாயாண்டிக்குப் பொறுமை போய்விட்டது. சீப்பைக் கழற்றி எறிந்தார். கழுத்திலிருந்து வால் வரை கவ்வாத்து. நாய் பாவம், முணுமுணுக்கிற மிசின் அல்லவா, பயப்படாமல் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. எங்கள் உயரத்து மலைகளில் செடியை வெட்டும்போது, அது மூச்சு விடட்டும் என்று ஓரமாக ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் விடுவது வழக்கம். மாயாண்டி முறை தவறாதவர். பஞ்சுவின் இடது இடுப்பிலும் ஒரு கொத்து முடியை விட்டு வைத்திருந்தார்.

"தைப்பொங்கலுக்குள்ள ஒரே மட்டமா வந்துரும், பாரு" என்றாராம்.

வரவில்லை. தோல் இளஞ்சிவப்பாக, அங்கங்கே கறுப்புத் திட்டாக நின்றது. அந்தக் கொத்து மட்டும் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. குளிரில் நடுங்கும் நாய்க்குச் சந்தையில் ஒரு குழந்தை ஸ்வெட்டர் வாங்கிப் போட்டார். நல்லவேளையாக முகத்தில் அவர் கை வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பளியில் சுற்றி, முகத்தை மட்டும் போனில் காட்டினார்.

"பஞ்சு, குளிருதா ஒனக்கு?"

"குளிருது" என்றார் மாயாண்டி. அதில் பொய் இல்லை.

நுவரெலியாவுக்குக் கொண்டுபோய் மிருக வைத்தியரிடம் காட்டினார். இந்த இன நாய்க்குத் தோல் வரை வழித்தால் முடி வர ரொம்ப நாள் எடுக்கும், சில இடங்களில் வராமலே போகலாம் என்றார் அவர். மாயாண்டி யோசித்துவிட்டு, "உரம் ஏதாவது போடலாங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

பொங்கலுக்கு வருகிறேன், பஞ்சுவைப் பார்க்க வேண்டும் என்று தனுஷிகா சொன்ன மறுநாள் மாயாண்டி என் கடையில் இருந்தார். முதல் முறையாகக் குரல் தாழ்ந்திருந்தது.

"மொதலாளி, நீங்க அன்னைக்கு வீட்டுக்கு வரணும். மிசின் பழுது, அதுவா ஒட்ட வெட்டிருச்சுன்னு நீங்க சொன்னா புள்ள நம்பும்."

"என் கடை மிசினையா பழுதுன்னு சொல்லச் சொல்றீங்க?"

"நாய விட்டுட்டுப் போனதாலதாங்க அது மொகத்தையாவது பாக்குறேன். இதுக்கு நாந்தான் காரணம்னு தெரிஞ்சா, நாயத் தூக்கிட்டுப் போயிரும். அப்புறம் எனக்கு என்னாங்க இருக்கு?"

திட்டுவதற்கு வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். ஆனால் பொய் சொல்வதாக வாக்குக் கொடுக்கவில்லை. என் சாமானின் பெயரைக் காப்பாற்றத்தான் போனேன் என்று என் வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

பொங்கலன்று தனுஷிகா தனியாகத்தான் வந்தாள். நிரோஷன் தலவாக்கலையில் சிநேகிதன் வீட்டில் நின்றுவிட்டானாம். ஸ்வெட்டரோடு பஞ்சு பாய்ந்து வந்து அவள் மேல் ஏறியது. கொஞ்சினாள், முத்தமிட்டாள். "வீட்டுக்குள்ள எதுக்குடா சட்டை?" என்று கழற்றினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, என்னா இது?"

அம்மாக்கண்ணு மாயாண்டியைப் பார்த்தார். மாயாண்டி என்னைப் பார்த்தார். நான் பொங்கல் பானையைப் பார்த்தேன். பஞ்சுவுக்கு என் கடையில் மிசின் வாங்கியதை அம்மா போனில் சொல்லியிருந்தார் போல, எங்கள் கண்கள் போன வழியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் என்னிடம் வந்து சேர்ந்தாள்.

"அங்கிள், நீங்க குடுத்த மிசினா? நாய்க்குன்னு சொல்லித்தானே வித்தீங்க? ஒரு உயிர இப்படியா செய்றது? ஒங்களுக்கெல்லாம் கொஞ்சம்கூடப் பொறுப்பு இல்லயா அங்கிள்?"

நல்ல வாய் அவளுக்கு. யாருடைய மகள்! நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். மாயாண்டியின் திட்டம் அச்சுப் பிசகாமல் நடந்துகொண்டிருந்தது. சும்மா நின்றிருந்தால் போதும், தப்பித்திருப்பார். ஆனால் மகள் என்னைப் பேச்சுக்குப் பேச்சு 'அங்கிள்' என்று சொல்லித் திட்டுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்தேன். பந்தியில் அடுத்த இலைக்குப் போகும் பாயசத்தை அப்படித்தான் பார்ப்பார்கள். சட்டென்று நடுவில் வந்து நின்றார்.

"மிசினு மேல ஒரு கொறையும் இல்ல. மொதலாளி வேணாம் வேணாம்னு சொன்னாரு. நாந்தான் வெட்டுனேன்."

தனுஷிகா அவரைப் பார்த்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நேராக முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தக் கொத்தைக் காட்டினாள்.

"இது எதுக்கு?"

"மூச்சு விடுறதுக்கு" என்றார்.

அவ்வளவுதான்.

"அப்பா! நாய் மூக்கால மூச்சு விடும் அப்பா! இது என்னா தேயிலையா? ஒங்களுக்கு எதப் பாத்தாலும் வெட்டணும், இல்ல? வெட்டுனா வளந்துரும்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? சிலது வளராது அப்பா! ஒருத்தரு சொல்றதக் கேட்டிருக்கீங்களா நீங்க? அம்மா சொன்னதக் கேட்டீங்களா, நா சொன்னதக் கேட்டீங்களா..."

நாய் எப்போதோ பேச்சிலிருந்து நழுவிப் போய்விட்டிருந்தது. கல்யாணம் வந்தது, நிரோஷன் வந்தான், வாசலில் நின்ற அந்த நாள் வந்தது. அழுகையும் திட்டுமாகக் கொட்டினாள். மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தையும் கீழே விழாமல் வாங்கிக்கொண்டு நின்றார். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. துடைக்கவில்லை. பொங்கல் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது, யாரும் கவனிக்கவில்லை.

அம்மாக்கண்ணுவுக்குத் தாங்கவில்லை. புருசன் வெளியாள் முன்னால் இப்படி நின்று அவர் பார்த்ததில்லை. மகளின் கையைப் பிடித்து, "போதும் விடுடி, பெரிய மனுசன்" என்றார்.

மாயாண்டி கையை உயர்த்தி மனைவியைத் தடுத்தார்.

"நீ சும்மா இரு. புள்ள பேசட்டும்."