இடுக்கில் பூசிய சுண்ணாம்பு

எங்கள் ஊர்ப் பக்கத்தில் தண்ணீர் வேண்டுமென்று புலம்பாத ஆள் கிடையாது. தண்ணீர் வேண்டாமென்று புலம்பியவள் நான் ஒருத்திதான். அதற்காக ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் இப்போது மண்ணுக்குள் போய்விட்டார்கள். என் கோபம் மட்டும் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

வெள்ளைக்கார ராணி உயிரோடு இருந்த கடைசிக் காலம். எனக்கு இருபத்தாறு வயது. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார், பிள்ளை இல்லை. கான்சாபுரத்தில் பிறந்த வீட்டுக்கு வந்தேன். அப்பா சாகும்போது, "அவளுக்கு ஒரு துண்டு நிலம் குடுத்துரு" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். நாலு பெரிய மனிதர்கள் காதில் விழுந்த சொல் என்பதால் அண்ணனால் மறுக்க முடியவில்லை. நிலத்தைக் கொடுத்தான். எந்த நிலத்தை? கண்மாய்க் கரைக்கு நேர் கீழே, பன்னிரண்டு மாதமும் ஊற்று கசிகிற முக்கால் ஏக்கரை.

அந்த வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாடு இறங்கினால் வயிறு வரை புதையும். நெல் நட்டால் வேர் கறுத்து, பயிர் மஞ்சளாய் நின்று, அப்படியே படுத்துவிடும். மேட்டுப் பக்கம் உவர் பூத்து வெள்ளையாய்க் கிடக்கும். கோரை மட்டும் ஆள் உயரம் வளரும். அப்பா காலத்திலேயே அதில் ஒரு மணி நெல் விளைந்ததில்லை. கொடுத்ததும் கொடுத்தான், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டான்.

"ஏட்டி, தைப்பொங்கலுக்குள்ள ஒரு போகம் அறுத்துக் காட்டு. காட்டுனா வயலு ஒனக்கு. இல்லேன்னா பேசாம வீட்டோட வந்து இரு. அடுப்படியில ஒங்க மதினிக்கு ஒத்தாசைக்கு ஆளு வேணும்."

பெரிய மனிதர்கள் நாலு பேரும் நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். அடுப்படி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அண்ணன் மனைவியின் அத்தை ஒருத்தி அந்த அடுப்படியில் இருபது வருஷம் கிடந்தாள். எல்லாரும் தின்ற பிறகு சட்டியை வழித்துத் தின்று, புகையில் கண் போய், அங்கேயே செத்தாள். அந்த இடம்தான் எனக்காகக் காலியாக இருந்தது.

என் புருஷனுடைய தம்பி பட்டாளத்தில் இருந்தார். சண்டை போடுகிற பட்டாளம் இல்லை. ரோடு போட, பாலம் கட்ட, மண் வெட்டப் போகிற பட்டாளம். பங்குனியில் லீவில் வந்தவர் துக்கம் விசாரிக்க, வயலோரம் நான் தனியாகப் போட்டிருந்த குடிசைக்கும் வந்தார். வயலைக் காட்டினேன். கோரைக்கு நடுவே செத்த நேரம் நின்று, காலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மதினி, இது கெட்ட மண்ணு இல்ல. தண்ணியில மூச்சு முட்டிக் கெடக்கு. பெங்களூருல எங்க மைதானம் இதவிட மோசமா இருந்துச்சு. பூமிக்கடியில மண் கொழாய் பதிச்சாங்க. கீழ நிக்கிற தண்ணி கொழாய்க்குள்ள எறங்கி அப்படியே ஓடைக்குப் போயிரும். மேல மண்ணு பொலபொலன்னு ஆயிரும்."

"கொழாயி தண்ணிய எப்படி இழுக்கும்?" என்று கேட்டேனா? கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! மண்பானை வெளியே வேர்க்கிறது. மண் குழாய் உள்ளே வேர்க்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்காத வாயை நான் எத்தனையோ நாள் அறைந்திருக்கிறேன்.

மடவார் வளாகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வேளாரிடம் வண்டி கட்டிக்கொண்டு போனோம். கிணற்றுக்கு உறை சுடுகிற கைகாரர். ஒரு முழ நீளம், உள்ளே கை நுழைகிற அகலம், இரண்டு பக்கமும் திறப்பு, இப்படி நானூறு வேண்டும் என்றோம். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தாயி, இத்தன வருசமா தண்ணி ஒழுகாம இருக்கத்தான் நான் சட்டி பான செஞ்சேன். அடியில்லாத பானைக்கு எங்க போயி அளவு எடுக்க?"

அவர் மனைவி பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள். நான் காதில் கிடந்த தண்டட்டியைக் கழற்றி அவள் கையில் வைத்தேன். சிரிப்பு நின்றது. வைகாசிக்குள் சூளை வைத்துத் தருவதாக வேளார் ஒப்புக்கொண்டார்.

உள்ளூரில் ஒருத்தனும் வேலைக்கு வரவில்லை. அண்ணன் முகத்துக்குப் பயம். கொழுந்தன் இராஜபாளையத்துப் பக்கமிருந்து ஆறு பேரைக் கூட்டிவந்தார். கண்மாய் வற்றிக் கிடந்த சித்திரை அது. நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதில் வந்து சேருகிற மாதிரி சாய்வாக நாலு கிளை, மீன் முள்ளைப் போல வெட்டினார்கள். இரண்டரை அடி ஆழம். பிளந்த மூங்கிலில் தண்ணீர் ஊற்றி, அது ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து வாட்டம் வைத்தார் கொழுந்தன். வாட்டம் ஒரு இடத்தில் தவறினாலும் வண்டல் அங்கே தேங்கி அடைத்துக்கொள்ளுமாம். பெரிய வாய்க்காலின் கடைசியை ஓடைக் கரையில் கொண்டுபோய், தண்ணீர் வெளியேற வாய் வைத்தார்.

வேலி ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் சும்மா இருந்தார்களா?

"தண்ணிக்கு நாய் படாத பாடு படுற ஊருல, இவ தண்ணிய வெளியேத்தப் பள்ளம் தோண்டுதா."

"அவளுக்குத் தலக்குள்ள தண்ணி கோத்துக்கிச்சு. அத எறக்க எந்தக் கொழாயி போடப் போறாளோ."

நானும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். அதில் ஒன்றையும் இங்கே எழுத முடியாது.

குழாய் வருவதற்குள் கொழுந்தனுக்குப் பட்டாளத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. உடனே கிளம்ப வேண்டும். எப்படிப் பதிப்பது என்று அந்த ஆறு பேருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் சொன்ன நேரத்தில் நான் அவர்களுக்குக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தேன். சொன்னது என் காதில் விழவில்லை.

குழாய்கள் வந்தன. பதித்தார்கள். மாலையில் போய்ப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு குழாய்க்கும் அடுத்த குழாய்க்கும் நடுவே நகம் நுழைகிற இடுக்கு! ஒன்றிரண்டு இல்லை, எல்லாவற்றிலும். இடுக்கு மேலே தென்னம் பன்னாடையைச் சுற்றி ஓட்டுச் சல்லியைப் போட்டு வைத்திருந்தார்கள். நான் எதற்காக என்று கேட்டேன். பதிக்கச் சொன்னது அப்படித்தான் என்றார்கள். அப்புறம் தங்களுக்குள் தெலுங்கில் என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டார்கள். நாதியில்லாத பொம்பளை, கேட்க ஆளில்லை, ஏனோதானோவென்று வேலையை முடித்துவிட்டு ஓடப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. கத்தி விரட்டிவிட்டேன். பாவம், கொழுந்தன் சொன்னதைத்தான் அவர்கள் செய்தார்கள்.

சின்ன வயதில் வாய்க்கால் கரையில் ஒரு நண்டு வளையை அடைக்காமல் விட்டதற்கு அப்பா என்னைப் புளிய விளாறால் அடித்திருக்கிறார். தண்ணீர் போகிற வழியில் ஓட்டை இருந்தால் அடைக்க வேண்டும். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். பக்கத்து ஊர்க் கூலிக்காரி ஒருத்தி துணைக்கு வந்தாள். இருவருமாகச் சுண்ணாம்பும் மணலும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு இடித்து, பன்னாடையை எடுத்து எறிந்துவிட்டு, நானூறு குழாய்களின் இடுக்கையும் பூசினோம். பத்து நாள் குனிந்தபடியே வேலை. கல் மாதிரி இறுகியது. என் கை வேலையை நானே மெச்சிக்கொண்டு மண்ணைத் தள்ளி மூடினேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கண்மாய் நிறைந்தது. வயலும் நிறைந்தது. ஓடைக் கரையில் குழாயின் வாயைப் போய்ப் பார்த்தேன். உள்ளே சிலந்தி வலை பின்னியிருந்தது. ஒரு சொட்டு இல்லை. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. கொழுந்தனைத் திட்டினேன், வேளாரைத் திட்டினேன், என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். மண்வெட்டியை எடுத்து, வாய்க்குப் பக்கத்தில் கழுத்தளவு கோபத்தோடு தோண்டினேன். குழாயைச் சுற்றித் தண்ணீர் கொப்பளித்தது. ஆத்திரத்தில் மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஒரு போடு போட்டேன். அது இடுக்கில் பட்டுச் சுண்ணாம்பு பெயர்ந்தது. சுற்றி நின்ற தண்ணீர் அந்த இடுக்கு வழியாக உள்ளே பாய்ந்தது. சிலந்தி வலையை அடித்துக்கொண்டு ஓடைக்குள் கொட்டியது.

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் வருகிற வழியே அந்த இடுக்குத்தான். அதைத்தான் பத்து நாள் குனிந்து அடைத்திருக்கிறேன்.

கார்த்திகை முழுவதும் நானும் அந்தக் கூலிக்காரியும் மழையில் தோண்டினோம். வாயிலிருந்து தொடங்கி மேலே மேலே போனோம். தோண்டத் தோண்டச் சரிந்தது. உளியை வைத்துச் சுண்ணாம்பைப் பெயர்த்து, பன்னாடை சுற்றி, சல்லி போட்டு மூடினோம். என் நகம் மூன்று விழுந்துவிட்டது. பெரிய வாய்க்காலும் இரண்டு கிளைகளும்தான் முடிந்தன. அதற்கே வயல் மூச்சு விட்டது. மார்கழியில் காலை வைத்தால் கணுக்கால்தான் புதைந்தது. வேறொருவரிடம் நாற்று வாங்கி நட்டேன். அந்த வயலில் முதல் முறையாக வேர் வெள்ளையாய் இறங்கியது. தைப்பொங்கலன்று பயிர் முழங்கால் உயரம், பச்சைப் பசேலென்று நின்றது.

பொங்கலுக்கு மறுநாள் அண்ணன் நாலு பெரிய மனிதர்களோடு வந்தான். வரப்பில் நின்று பயிரைப் பார்த்தான். அவன் கண் விரிந்ததை நான் பார்த்தேன்.

"நெல்லு எங்க?" என்றான்.

"நிக்குல்லா அண்ணே. பங்குனியில அறுத்துருவேன். ரெண்டு மாசம் பொறுங்க."

"அறுத்துக் காட்டச் சொன்னேன். நட்டுக் காட்டச் சொல்லல."

நான் பெரியவர்களைப் பார்த்தேன். அவர்களில் மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "சொன்ன சொல்லு தைப்பொங்கல்தான தாயி. ஒன் அண்ணன் ஒன்ன கைவிட்டுருவானா? வீட்டோட போயி இரு."

குனிந்து வரப்பு மண்ணை இரு கையாலும் அள்ளி அவர்கள் ஐந்து பேர் மேலும் வாரித் தூற்றினேன். போன வருஷம் அந்த மண்ணை அள்ளியிருந்தால் களிம்பாய்க் கையில் ஒட்டியிருக்கும். அன்றைக்குப் பொலபொலவென்று உதிர்ந்து அவர்கள் வேட்டியில் விழுந்தது. அண்ணன் அதைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தான்.

அந்தப் பயிரை அவன்தான் அறுத்தான். அந்த அரிசியை நான்தான் வடித்தேன், அவன் வீட்டு அடுப்படியில். விருந்தாளி யாராவது வந்தால் சொல்வான், "அப்பா காலத்துல வெளையாத வயலு. நான் கை வச்சேன், வெளைஞ்சுது. எங்கைராசி அப்படி." நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டு பல்லைக் கடிப்பேன். குழாயின் வாயை வருஷத்துக்கு ஒருமுறை திறந்து வண்டலை எடுக்க வேண்டும். அதற்கு ஒருத்தனையும் அவன் அனுப்பவில்லை. கைராசி இருக்கும்போது குழாய் எதற்கு?

நாலாம் வருஷம் ஓடையில் பெருவெள்ளம் வந்தது. கரை சரிந்து, ஓடையே சற்றுத் தள்ளி ஓடத் தொடங்கியது. குழாயின் வாய் அடையாளமே தெரியாமல் வண்டலுக்குள் மூடிக்கொண்டது. ஒரே மாதத்தில் வயலில் தண்ணீர் ஏறிப் பயிர் அழுகியது. கொழுந்தன் பட்டாளத்தோடு கப்பலேறிப் போன இடத்திலிருந்து திரும்பவேயில்லை. கூலிக்காரி வாந்திபேதியில் போய்விட்டாள். அப்போதுதான் அண்ணன் முதல் முறையாக அடுப்படிக்குள் வந்தான்.

"தாயி, அந்தக் கொழாய் வாய் எங்கிட்டு இருக்கு? கொழாய் எந்தப் பக்கமா ஓடுது?"

தாயியாம். நாலு வருஷமாக ஏட்டி, இன்றைக்குத் தாயி. நான் அடுப்பிலிருந்து கையை எடுக்காமல் சொன்னேன்.

"வயல எம் பேருக்குப் பத்திரம் எழுதுங்க. வந்து காட்டுதேன்."

"பொட்டச்சிக்கு எதுக்குப் பத்திரம்?"

"அப்ப எனக்குத் தெரியாது அண்ணே."

எட்டு நாள் ஆள் விட்டு வயலெங்கும் தோண்டினான். அகப்பட்ட குழாயையெல்லாம் உடைத்தார்கள். ஒரு மண்வெட்டியும் அரை நாளும் போதும், அந்த வாயைத் திறக்க. எட்டு நாளும் அவனுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டேன். அந்த மண் என்ன பாவம் செய்தது என்று ஒரு ராத்திரி அழுதேன். விடிந்ததும் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன்.

அண்ணன் போய் வருஷங்கள் ஆகின்றன. வயல் இப்போது அவன் பிள்ளைகள் கையில், ஆள் உயரக் கோரையோடு கிடக்கிறது. இரண்டு கிளை இன்னும் உடையாமல் உள்ளேதான் இருக்கிறது. இடுக்கு, வாட்டம், ஆழம், பன்னாடை என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் இதில் எழுதிவிட்டேன். அந்த வாய் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் எழுதவில்லை. எழுத மாட்டேன்.