தொட்டிக்கு மூடி பொறுக்கியது

என் பெண்ணுக்குத் திண்டிவனத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்திருக்கிறது என்றும் சொன்னார்கள். பிறகு பேச்சே இல்லை. ஒரு காலையில் தரகர் எங்கள் விழுப்புரம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். பையனோட தாய்மாமன் உங்க தெருவுல விசாரிச்சிக்கினு போயிருக்காரு. பொண்ணு தங்கமாம், வீட்டம்மா தங்கமாம். நீங்கதான்..."

"நான்தான்?"

"டெய்லி சாயங்காலம் ஒயின்ஷாப்புக்குப் பின்னாடி கட்டப்பையோட நிக்கிறீங்களாம்."

நிற்கவில்லை, குனிந்துகொண்டிருந்தேன். கொல்லையில் சிமெண்ட் தொட்டி கட்டித் தங்கமீன் வளர்க்கிறேன். மீன் கழிவு தண்ணீரை விஷமாக்கும்; அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஒட்டி வளர வடிகட்டியில் ஏதாவது வேண்டும். அதற்கென்று கடையில் விற்கும் பிளாஸ்டிக் உருண்டைகள் மீனைவிட விலை அதிகம். தண்ணீர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டால் அதே வேலையைச் செய்யும். ஒரு பழைய பெயிண்ட் வாளி, அடியில் உடைந்த ஓடு, நடுவில் மூடிகள், மேலே பாத்திரம் தேய்க்கும் நார். தீர்ந்தது. தண்ணீர் பாட்டில் மூடிகள் இந்த ஊரில் எங்கே குவிந்து கிடக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

தாலுகா ஆபீஸில் இருந்த காலமெல்லாம், 'அக்கம்பக்கம் விசாரித்ததில் உண்மை எனத் தெரியவருகிறது' என்று எழுதியவன் நான். அந்த அக்கம்பக்கம் என்னைப் பற்றிச் சொன்னதைத் தரகர் ஒப்பித்தார். டீக்கடைக்காரர் சொன்னாராம்: "பாவம், ரிட்டயர்டு ஆனதுலருந்து அப்பிடி ஆயிட்டாரு. ஆனா சத்தம் போடமாட்டாரு."

என் கை நடுங்கியது. தரகர் அதையும் கவனித்தார்.

முந்தின வாரம் ஆட்டோக்காரர், "ஏறுங்க சார், பத்திரமா வூட்ல உட்டுர்றேன்" என்று காசு வாங்காமல் கொண்டுவந்து விட்டதும், எதிர்வீட்டம்மா என் மனைவியின் கையைப் பிடித்து "மனச உட்றாத" என்றதும் அப்போதுதான் விளங்கின.

"தலப்பாடா அடிச்சிக்கினேனே!" என்றாள் மனைவி. பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்குப் பையனைப் பிடித்திருந்தது.

மறுவிசாரணை கேட்பதுதான் முறை. கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் வந்தார். வாளியைத் திறந்து காட்டினேன்.

"இத்தினியுமா!" என்று வாயைப் பிளந்தார்.

"குடிச்சது இல்லீங்க, பொறுக்கினது" என்றாள் பெண், கதவோரமாக நின்று. "வேணும்னா மோந்து பாருங்க."

அவர் மெய்யாகவே ஒரு மூடியை எடுத்து முகர்ந்தார். ஒழுங்காக ஓடும் வடிகட்டியில் மண்வாசனைதான் வரும். "சரக்கு வாடை இல்ல" என்றார். பிறகு என்னையும் முகரக்கூடிய தூரத்தில் நின்று வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினார். முறையான கள ஆய்வு, குறைசொல்ல முடியாது.

நிச்சயதார்த்தம் நடந்தது. இனி அந்தக் கடைப்பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது பெண் போட்ட நிபந்தனை. நான் போகவில்லை.

சில நாள் கழித்து டீக்கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"கேள்விப்பட்டேன் சார். பொண்ணு கல்யாணத்துக்கோசரம் குடிய உட்டுட்டீங்களாமே! எத்தினி பேரால முடியும்? இந்தாங்க, ஸ்ட்ராங்கா ஒரு டீ. காசு வேணாம்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கிளாஸை வாங்கும்போது கை மறுபடியும் நடுங்கியது.

"கொஞ்ச நாளைக்கு அப்பிடித்தான் சார் இருக்கும்" என்றார் அவர்.