ஓடையில் போட்ட சோலார் சார்ஜர்

என் அக்காவின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்போம். அவரும் அக்காவும் பாரிசுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார்கள். அங்கே குளிர் ஏறும்போது இங்கே வந்துவிடுவார்கள். மூலக்குளத்தில் எங்கள் வீட்டு மாடி அறை அவர்களுக்கென்றே இருக்கிறது. ஒவ்வொரு வருகையிலும் மாமாவின் பெட்டியிலிருந்து புதிதாக ஒரு சாமான் வெளியே வரும். அது இல்லாமல் நாங்கள் இதுவரை எப்படிப் பிழைத்திருந்தோம் என்கிற பேச்சும் கூடவே வரும்.

போன தடவை வந்தது சோலார் சார்ஜர். பார்ப்பதற்குக் கறுப்பு டிபன் டப்பா மாதிரி இருந்தது. விரித்தால் பலகை பலகையாக நான்கு மடிப்பு. ஒரு பக்கம் கனமாக இருந்தது, உள்ளே பேட்டரி. மாமா அதை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் விரித்து வைத்தார். பச்சை விளக்கு ஒன்று எரிந்தது.

"வுவாலா! பாத்தியா பாப்பா? வெயில் ஊர்ல இருந்துகிட்டு கரண்டுக்கு இன்னாத்துக்கு அழுவணும்?" என்றார்.

எனக்கு நாற்பத்தாறு வயது. உப்பளத்தில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநர். பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியாகிவிட்டது. அவருக்கு மட்டும் இன்னும் நான் பாப்பாதான்.

அக்கா, மாமா, என் கணவர், நான் என நான்கு பேரும் கல்வராயன் மலைக்கு நடக்கப் போவதாக முன்பே பேசி வைத்திருந்தோம். ஒரு பகல் நடந்து மேலே ஒரு மலைக் கிராமத்தில் தங்கிவிட்டு மறுநாள் இறங்குவதாகத் திட்டம். நான் வழக்கம்போல என் பவர் பேங்கை இரவே சார்ஜ் போட்டுப் பையில் வைத்திருந்தேன். கிளம்பும்போது மாமா அதை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டார்.

"வீண் கனம். ஆல்ப்ஸ் மலையில ஏறுனவன் சொல்றேன், கேளு."

என் கணவர் சிரித்தார். மாமா எது சொன்னாலும் அவர் சிரிப்பார். இருபது வருடமாக அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன். அன்றைக்கு அது புளித்த மாவு மாதிரி நெஞ்சில் நின்றது.

மலையடிவாரத்தில் வழிகாட்டியாக ஓர் ஆள் சேர்ந்துகொண்டார். அதிகம் பேசாதவர். மாமா சார்ஜரை விரித்து என் கணவரின் முதுகுப் பையில் தொங்கவிட்டார். தன் பையில் மாட்டினால் வீடியோ எடுக்கும்போது இடைஞ்சலாம்.

சோலார் சார்ஜர் என்றால் என்ன என்பது அன்று காலையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. காட்டுப் பாதை என்பதே நிழல்தான். மரங்களுக்குள் நுழைந்ததும் பச்சை விளக்கு அணைந்தது. மரம் விலகி வெளிச்சம் விழுந்த இடத்தில் வெயில் எங்கள் முகத்துக்கு நேராக இருந்தது, பலகை முதுகுப் பக்கம் இருந்தது.

"சகல, கொஞ்சம் திரும்பி நடங்க. இல்ல, இந்தப் பக்கம். ஆங், அப்படியே."

என் கணவர் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தார். ஒரு வேரில் தடுக்கி விழப் பார்த்தார். அப்போதும் சிரித்தார். வெயில் கிடைத்த இடத்திலெல்லாம் நாங்கள் நிற்க வேண்டும். அக்காவுக்கு முழங்கால் வலி. நின்று நின்று நடந்தால் இன்னும் மோசமாகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் ஒரு கல்லில் உட்காருவாள், கையை ஊன்றி எழுந்திருப்பாள், மறுபடி உட்காருவாள். மாமா அந்த நேரத்தில் செல்போனைக் கம்பில் மாட்டித் தன்னையே படம் எடுத்துக்கொண்டு பிரெஞ்சில் பேசுவார். சார்ஜர் கொடுத்த கொஞ்ச நஞ்ச கரண்டையும் அந்தப் படம் குடித்துக்கொண்டிருந்தது.

உச்சிப் பொழுதுக்கு ஒரு மொட்டைப் பாறைக்கு வந்தோம். மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சார்ஜரைப் பாறையில் விரித்து, செல்போனை அதற்கு அடியில் செருகினார். நாங்கள் ஓரமாக ஒரு புதரின் நிழலில் புளிசாதம் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிப்பதற்குள் செல்போன், சூடு அதிகமாகிவிட்டது என்று காட்டிவிட்டுத் தானே அணைந்துவிட்டது. சார்ஜரைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது.

மாமா எழுந்துபோய் அக்காவின் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். சூடு தணியட்டும் என்று சார்ஜரைச் சுற்றிப் பாறையில் ஊற்றினார்.

"மாமா, அது அக்கா மாத்திரை போட வெச்சிருக்கிற தண்ணி."

"கீழ ஓடை இருக்குது பாப்பா. அங்க புடிச்சுக்கலாம்."

அக்கா கையில் மாத்திரையோடு உட்கார்ந்திருந்தாள். நான் என் பாட்டிலை நீட்டினேன். அவள் வாங்கி மாத்திரையை விழுங்கினாள்.

சார்ஜர் ஆறுவதற்கு முன்பே மாமா அதை மடித்து, சாயங்காலத்துக்கென்று வைத்திருந்த ரொட்டியும் கமலாப்பழமும் இருந்த பையில் திணித்துவிட்டார். ஓடைக்கு இறங்கிப் பையைத் திறந்தபோது அந்த வாசனை வந்தது. நகப்பூச்சு அழிக்கும் திரவமும் அழுகின பழமும் கலந்த மாதிரி இனிப்பான ஒரு நாற்றம். கடையில் எத்தனையோ மருந்து வாசனைக்குப் பழகியவள் நான். நானே மூக்கைப் பொத்திக்கொண்டேன். பேட்டரி இருந்த பக்கம் செத்து மிதக்கும் மீனின் வயிறு போல உப்பி, ஓரத்தில் பிளந்திருந்தது. ஒரு கமலாப்பழத்தை உரித்துப் பார்த்தேன். சுளையிலும் அதே நாற்றம்.

மாமா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "சே" என்றார். கையை வீசி ஓடையில் எறிந்துவிட்டார்.

கொஞ்சம் கீழே தள்ளி இரண்டு பெண்கள் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். வழிகாட்டி அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ கத்தினார். அவர்கள் குடத்தோடு கரையேறினார்கள்.

"எடுங்க மாமா அத" என்றேன்.

"காட்டுல எவ்வளவோ கெடக்குது. இது ஒண்ணாலயா கெட்டுடப் போவுது? தண்ணி அடிச்சிகிட்டுப் போயிடும், வுடு."

"எங்க அடிச்சிகிட்டுப் போவும்? அவங்க கொடத்துக்குத்தானே?"

"நீ பெரிய இதாட்டம் பேசாத பாப்பா."

என் கணவர் சிரிக்கவில்லை. அப்போது அக்காவின் குரல் வந்தது. அவள் கரையில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏங்க, அங்க ஊட்டுல கண்ணாடி பாட்டிலு ஒரு டப்பா, காயிதம் ஒரு டப்பா, பழைய பேட்டரி ஒரு டப்பான்னு பிரிச்சுப் பிரிச்சு வெப்பீங்களே. நான் மாத்திப் போட்டுட்டேன்னு எத்தினி தடவ கத்தியிருக்கீங்க. இங்கன்னா ஓடையா?"

மாமா அவளைப் பார்த்தார். பிறகு செல்போனைத் துடைக்க ஆரம்பித்தார்.

நான் செருப்போடு தண்ணீரில் இறங்கினேன். சார்ஜர் இரண்டு கல்லுக்கு நடுவில் சிக்கியிருந்தது. ஒரு குச்சியால் தள்ளித் தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்தேன். என் கணவர் புளிசாதம் கொண்டுவந்த எவர்சில்வர் டப்பாவில் மணலை வாரி எடுத்து வந்தார். சார்ஜரை மணலுக்குள் வைத்து மேலேயும் மணல் போட்டோம். டப்பாவை மூடவில்லை. அது சூடாகிப் புகைந்தால் தெரியவேண்டும் என்று கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தேன். நாற்றம் முகத்துக்கு நேராக வந்துகொண்டே இருந்தது.

மலைக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே கரண்ட் இருந்தது. கம்பம் இருந்தது, விளக்கு இருந்தது, டீக்கடையில் பாட்டு ஓடியது. கடைக்கார அம்மா எங்கள் செல்போன்களை வாங்கித் தன் பிளக் பாயிண்டில் செருகிவிட்டு, "டீ போடட்டுமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து அக்கா உட்கார்ந்து எழுந்த கல்லெல்லாம் கண் முன்னால் வந்தது. நாங்கள் குடித்த டீயில்கூட எனக்கு அந்த வாசனை அடித்தது.

இதுமாதிரி சாமானை மலைக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று எங்கள் மருந்துக் கடையில் சில பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. ஒரு நாள், இரண்டு நாள் நடைக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். வீட்டில் முழுசாகச் சார்ஜ் ஏற்றின ஒரு பவர் பேங்க் போதும். மரமே இல்லாத வெட்டவெளியில் வாரக்கணக்கில் சுற்றுகிறவர்களுக்கு வெறும் பலகை மட்டும் உள்ளது ஒருவேளை உதவலாம். ஆனால் பலகையோடு பேட்டரியை ஒட்டி விற்கிறார்களே, அது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கரண்ட் வேண்டுமென்றால் அதை வெயிலில் வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் பேட்டரி கெட்டுவிடும். இதை ஒருவர் யோசித்துச் செய்து, இன்னொருவர் பளபளக்கும் பெட்டியில் போட்டு, வேறொருவர் வீடியோவில் புகழ்ந்து விற்கிறார்.

ஊருக்குத் திரும்பும்போது அந்த டப்பா வேனில் என் காலடியில் இருந்தது. மறுநாள் குப்பை வண்டி வந்தது. அதில் வந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, இது வேணாங்க்கா. வண்டியிலயே பத்திக்கும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். செல்போன் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். "இன்னாக்கா, பாமை எடுத்துகினு வந்து மேஜ மேல வெக்கிற" என்று அந்தப் பையன் எழுந்து பின்னால் போய்விட்டான். கடைசியில் எங்கள் மருந்துக் கடைக்குப் பின் தெருவில் பழைய பேட்டரி வாங்குகிற ஒருவர், மணல் வாளியைக் காட்டி, "இதுல போட்டுட்டுப் போங்க" என்றார். டப்பாவையும் சேர்த்தே வைத்துவிட்டு வந்தேன். எத்தனை தேய்த்தாலும் அதில் இனிமேல் என்னால் சாப்பிட முடியாது.

மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளம்பும் நாளில் "அலோர், அடுத்த வருஷம் பாக்கலாம் பாப்பா" என்று கன்னத்தில் தட்டிவிட்டுப் போனார்.

சில வாரம் கழித்துக் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் செல்போனில் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது மாமாவின் முகம் வந்தது. பின்னால் கல்வராயன் மலை. என் கணவரின் முதுகில் சார்ஜர், பச்சை விளக்கு எரிந்துகொண்டு. மரங்களுக்குள் நுழைவதற்கு முன்னால் எடுத்தது. பிரெஞ்சில் பேசி, கடைசியில் தமிழிலும் சொன்னார்: "நம்ம ஊரு வெயிலுக்கு இதவிட நல்ல சாமான் கெடையாது. நம்பி வாங்கலாம்." கீழே கைதட்டும் படங்கள், பாராட்டுகள். கவுண்டரில் ஒருவர் இருமல் மருந்து கேட்டுக்கொண்டு நின்றார். அவரை இரண்டு தடவை கேட்கவைத்துவிட்டேன். கைகழுவிவிட்டு வந்தால் தேவலை போல இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டேன்.

"பாத்தியாக்கா அத?"

"பாத்தேன். கீழ நானும் எழுதிட்டேன்டி."

"இன்னா எழுதின?"

"உப்பி வெடிச்சுப்போச்சு, யாரும் வாங்காதீங்கன்னு. இங்க இருக்கிறவங்களுக்குப் புரியணும்ல, பேத்திகிட்ட கேட்டு பிரெஞ்சுலயும் எழுதிட்டேன்."

"மாமா இன்னா சொன்னாரு?"

"எங்கூடப் பேசறதில்ல. சாப்பாடு போட்டா சாப்புடறாரு, எழுந்து போறாரு" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "வூடு நிம்மதியா இருக்குதுடி."