தண்ணீர் வந்தே ஆகவேண்டிய குழாய்

துபாயில் கராமா பகுதியில் குடியிருந்த காலத்தில் நான் ஒரு தமிழ் அமைப்பின் கலைக்குழு உறுப்பினராக இருந்தேன். அந்தப் பதவிக்கு இரண்டே தகுதிகள்தான். வெள்ளிக்கிழமை மதியம் தூங்கக் கூடாது. தலைவர் பேசும்போதும் தூங்கக் கூடாது. முதலாவதை எப்படியோ சமாளித்து வந்தேன்.

தலைவர் கெட்டவர் இல்லை. ஒரு வியாபார நிறுவனத்தில் பொது மேலாளர். ஒரே பலவீனம் பொன்னாடை. ஆகஸ்டு மாத வெயிலில் போர்த்தினாலும் கழற்றமாட்டார். அதோடேயே சாப்பிட உட்காருவார், அதோடேயே காரோட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, உணவகம் ஒன்றின் மாடியில் நாங்கள் பத்துப் பேர் கூடியிருந்தபோது, அவருக்குத் திடீரென்று அறுபதுகள் ஞாபகம் வந்துவிட்டன.

"அந்தக் காலத்துல என்னமா நையாண்டி பண்ணாங்க சார்! மந்திரிய மேடையில வெச்சுக் கிழிப்பான். மந்திரி முன்வரிசையில உக்காந்து சிரிப்பாரு. இப்ப யாருக்கு சார் அந்தத் தைரியம் இருக்கு?"

யாருக்கும் இல்லை.

உடனே தீர்மானம் நிறைவேறியது. 'அறுபதுகளின் நையாண்டி' என்று ஒரு மாலை நிகழ்ச்சி, அதில் அந்தக் காலத்து நாடகம் ஒன்று. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்போது ஐம்பத்தைந்து தாண்டியிருந்தது. அறுபதுகளில் வாழ்ந்து, இன்னும் பேசக்கூடிய நிலையில் இருந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான்.

என்னிடம் நாடகம் இருந்தது உண்மை. திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தபோது நானும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து எழுதியது. அரிசி கிடைக்காத காலம் அது. ரேஷன் கடை வரிசையில் நிற்கும் நேரத்தில் ஜனங்களுக்குப் படிக்க வாரப் பத்திரிகைகள் இருந்தன. ஊரே இளைத்துக்கொண்டிருந்தபோது கேலிச்சித்திரங்களில் அரசியல்வாதியின் தொந்தி மட்டும் வாரா வாரம் பெருத்துக்கொண்டு போனது. சபா நாடகங்களில் யாராவது தும்மினால்கூட அது எந்த மந்திரியின் தும்மல் என்று கண்டுபிடித்துக் கைதட்டினார்கள். நாங்களும் கைதட்டினோம். பிறகு நாமும் எழுதலாமே என்று உட்கார்ந்தோம்.

கதை சின்னது. ஒரு நகராட்சித் தலைவர் தெருக்குழாய் ஒன்றைத் திறந்து வைக்கிறார். தண்ணீர் வரவில்லை. அடுத்த மாதம் அதே குழாயை வேறு மாலை போட்டுக்கொண்டு மறுபடி திறக்கிறார். அப்போதும் வரவில்லை. மூன்றாம் முறையும் அப்படியே. எதிரே குடங்களோடு ஒரு பெண்கள் வரிசை. பக்கத்தில், தலைவர் இருமினால் அந்த இருமலையும் நோட்டில் எழுதிக்கொள்ளும் ஒரு குமாஸ்தா.

அறுபதுகளின் தைரியத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் கல்லூரி முதல்வர் பிரதியைப் படித்துவிட்டு நகராட்சித் தலைவரை அடித்து, 'ஒரு தீவின் ராஜா' என்று சிவப்பு மையில் எழுதினார். தெருக்குழாயை அட்டைக் கிரீடம் வைத்த ராஜா ஒருவர் திறந்து வைத்தார். அசல் நகராட்சித் தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்து, தீவுகளில் நிர்வாகம் இவ்வளவு மோசமா என்று விழுந்து விழுந்து சிரித்தார். முன்வரிசைச் சிரிப்பு என்பது பெரும்பாலும் இதுதான். இதைத் துபாய்க் குழுவிடம் நான் சொல்லவில்லை. அவர்களுடைய பொற்காலத்தை நான் ஏன் கெடுக்கவேண்டும்?

கிரீடத்தை எடுத்துவிட்டு, நாங்கள் முதலில் எழுதியபடியே நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அதை விவாதத்துக்கு எடுத்தார்கள்.

"பிரமாதம் சார்," என்றார் தலைவர். "ஒரே ஒரு சின்ன விஷயம். 'தலைவர்'னு வருது. பாக்கறவங்க என்னை நெனச்சுக்க வாய்ப்பிருக்கு."

"செயலாளர்னு மாத்திக்கலாமே," என்றார் ஒருவர்.

செயலாளர் அங்கேயே உட்கார்ந்திருந்ததால் அது தோற்றது. பொருளாளர் அன்று வரவில்லை. எனவே 'பொருளாளர்' என்று ஒருமனதாக முடிவாகி, சமோசா வந்தது. சமோசாவின் பின்னாலேயே பொருளாளரும் வந்துவிட்டார்.

எங்கள் முதல்வரை நினைத்துக்கொண்டு, "பேசாம ராஜான்னு வெச்சிடுவோமா?" என்று கேட்டேன்.

தலைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ராஜாவா? இந்த ஊர்லயா? சார், எங்க எல்லாரையும் ஒரே ஃப்ளைட்ல ஊருக்கு அனுப்பறதா முடிவு பண்ணிட்டீங்களா?"

திருச்சியில் காப்பாற்றிய ராஜா வளைகுடாவில் கைவிட்டார். கடைசியில் அந்தக் கதாபாத்திரத்துக்கு 'ஒருவர்' என்று பெயர் வைத்தோம். ஒருவர் வருகிறார், குழாயைத் திறக்கிறார்.

அடுத்தது குழாய். நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் குழாயும் வால்வும் விற்கும் கடைக்காரர்.

"அவரு மேடைக்கு முன்னாடி உக்காந்திருக்கும்போது குழாயில தண்ணி வரலைன்னா எப்படி சார்? தண்ணி வரட்டும்," என்றார் செயலாளர்.

"தண்ணி வந்துட்டா நாடகமே இல்லீங்களே."

"பாசிட்டிவா முடியும்ல?"

பெண்கள் வரிசையும் போயிற்று. குடத்தோடு ஜனங்கள் வரிசையில் நிற்பது தொழிலாளர்கள் தங்கும் லேபர் கேம்ப்பை ஞாபகப்படுத்துமாம். முன்வரிசையில் நாலைந்து கம்பெனி முதலாளிகள் இருப்பார்களாம். அவர்கள் மனம் புண்படும். கேம்ப்பில் வரிசையில் நிற்பவர்களின் மனம் பற்றிய விவாதம் நேரமின்மையால் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

குமாஸ்தா மட்டும் மிச்சம். அவனை யாரும் வெட்டவில்லை. நானே வெட்டினேன். என் மேனேஜரும் டிக்கெட் வாங்கியிருந்தார். அவர் மீட்டிங்கில் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்ளும் வேலை எனக்கு. இருமலை எழுதியதில்லை என்று சத்தியம் செய்யமுடியாது. யாரும் கேட்பதற்கு முன்பே குமாஸ்தா வரும் நாலு பக்கங்களையும் கிழித்து, உணவகத்தின் குப்பைத்தொட்டியில் போட்டேன். மற்றவர்களைக் கோழைகள் என்று எழுதும்போது இதையும் எழுதிவிடுவது நல்லது.

'ஒருவராக' நடிக்க வந்தவர் தூத்துக்குடிக்காரர், ஏசி டெக்னீஷியன். முன்பு கொடுத்த முழுப் பிரதியை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். வெட்டிய பிரதியை நின்றபடியே படித்தார். நாற்காலியைத் தேடி உட்காருவதற்குள் படித்து முடித்துவிட்டார்.

"அண்ணாச்சி, இதுல நான் என்னதான் செய்யணும்? வாரேன், குழாயத் தொறக்கேன், தண்ணி வருது, எல்லாரும் கை தட்டுதாவ. இத டூட்டியில தெனமும் செய்யுதேனே, ஒருத்தனும் கை தட்ட மாட்டுக்கான்."

"அதான் இங்க தட்டுவாங்க," என்றேன்.

வரிசையின் முதல் பெண்ணாக நடிக்க இருந்தவர் கன்னியாகுமரிக் கடற்கரையைச் சேர்ந்த நர்ஸ். நைட் டூட்டி முடித்துத் தூங்காமல் ஒத்திகைக்கு வந்து போனவர். அவரிடம் போய் உங்கள் வேடம் எடுக்கப்பட்டுவிட்டது என்று சொல்லும் பொறுப்பை, வழக்கம்போல, என்னிடம் தந்தார்கள்.

"அப்ப நான் வேண்டாமா சார்?"

"வேணும் சிஸ்டர். திரைக்குப் பின்னாடி வாட்டர் கேன் இருக்கும். அதோட வால்வை நீங்க திறந்தாத்தான் மேடைக் குழாயில தண்ணி வரும். முக்கியமான வேலை."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஊசி போடும் இடத்தைத் தேடும் பார்வை. "செரி," என்றார்.

நிகழ்ச்சி அன்று மண்டபம் நிறைந்துவிட்டது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். வீடியோக்காரர் கேமராவை ஆன் செய்யவில்லை என்பதால் அணைத்துவிட்டு மறுபடி ஏற்றினார்கள். சிறப்பு விருந்தினர் அப்போதுதான் வந்து சேர்ந்ததால் மூன்றாம் முறையும் ஏற்றினார்கள். ஜனங்கள் ஒருமாதிரி சிரித்தார்கள். திரைக்குப் பின்னால் டெக்னீஷியன் வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டார். அதன்பின் பொன்னாடைகள். அதன்பின் நையாண்டியின் அவசியம் பற்றித் தலைவரின் உரை, நாற்பது நிமிடம். தன்னைத்தானே பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவனே மனிதன் என்று முடித்தார். நாடகத்துக்குப் பத்து நிமிடம் மிச்சமிருந்தது.

'ஒருவர்' வந்தார். மேடை நடுவில் மரக்கட்டையில் பொருத்திய பளபளப்பான குழாய். ஸ்பான்சர் கடையின் புத்தம்புதுச் சரக்கு. எழுதியிருந்தபடி ஒருவர் அதை வணங்கி, திருகினார்.

தண்ணீர் வரவில்லை.

இன்னொரு சுற்று திருகினார். இல்லை. நான் பக்கவாட்டிலிருந்து திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். நர்ஸ் வாட்டர் கேன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சிஸ்டர், வால்வு! வால்வு!"

அவர் எழுந்தார். அப்பாடா என்றிருந்தது. ஆனால் வால்வு பக்கம் போகவில்லை. அங்கே கிடந்த ஒரு காலி பக்கெட்டைத் தூக்கி இடுப்பில் குடம் மாதிரி வைத்துக்கொண்டு திரையை விலக்கி மேடைக்கே போய்விட்டார்.

"ஐயா, போன மாசமும் இதே கொழாயத்தான் திறந்தீங்க. எனக்க குடம் இன்னும் காலியாத்தான் கெடக்கு!"

அது அவருடைய பழைய வசனம், குழு ஒருமனதாக நீக்கியது. டெக்னீஷியன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மெல்லத் திரும்பி, இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கள் தலைவருடைய தொண்டைச் செருமல் ஒன்றைச் செருமினார்.

"அம்மா, குழாயைத் திறப்பது என் கடமை. தண்ணீர் விடுவது குழாயின் கடமை. அடுத்தவர் கடமையில் நான் தலையிடுவதில்லை!"

பின்வரிசையில்தான் முதலில் வெடித்தது. அங்கே கேம்ப்களிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் விசிலடித்தான். இன்னொருவன், "எங்க கேம்ப்புலயும் ஒரு குழாய் இருக்குய்யா, வந்து திறந்து வெச்சுட்டுப் போங்க!" என்று கத்தினான். அப்புறம் மண்டபத்தை யாராலும் அடக்க முடியவில்லை. இருவரும் வெட்டிய வசனங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் பேசினார்கள். மறந்த இடத்தில் புதிதாகச் சேர்த்தார்கள். அவை என்னுடையவற்றைவிட நன்றாக இருந்தன.

நான் பக்கத்திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயத்தில் தொடங்கிய நடுக்கம் எப்போது சிரிப்பாக மாறியது என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மேடையில் அன்று வந்த ஒரே தண்ணீர் அதுதான். குமாஸ்தா மட்டும் வரவில்லை. அவனை நான் குப்பையில் போட்டிருந்தேனே. அந்த இடம் வந்தபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

முடிந்ததும் நர்ஸிடம் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று.

"எனக்க டயலாக் எல்லாத்தையும் வெட்டிப்போட்டு வால்வத் திறன்னு சொன்னா, திறக்கதுக்கு நான் என்ன பிளம்பரா சார்?"

தலைவர் என்னை நோக்கி வேகமாக வந்தபோது, விசா கேன்சல் வரைக்கும் யோசித்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்ணில் சிரித்த ஈரம்.

"என்ன ஆளு சார் அவன்! அந்தக் காலத்துத் தலைவனுங்க அச்சு அசலா இப்படித்தான் இருந்தானுங்க. அந்தச் செருமல் இருக்கே, அப்பப்பா! எங்கேயோ பார்த்த மாதிரியே இருந்துச்சு."

ஸ்பான்சருக்கு மட்டும் வருத்தம். குழாயைக் கழற்றிக்கொண்டு போய், இரவோடு இரவாகச் சோதித்து, அதில் குறை ஒன்றும் இல்லை என்று மறுநாள் செயலாளருக்குப் போன் செய்தார். குறை யாரிடம் என்று குழு கூடி விசாரித்தது. வால்வைத் திறக்காதது நர்ஸ், வசனம் பேசியது டெக்னீஷியன், எனவே குற்றவாளி நான் என்று தீர்ப்பானது. கலைக்குழுவிலிருந்து என்னை எடுத்து வாகன நிறுத்தப் பொறுப்பாளராகப் போட்டார்கள்.

அடுத்த வருடம் நையாண்டி வேண்டாம், மேஜிக் ஷோ போதும் என்று முடிவு செய்தார்கள். கராமாவில் கார் நிறுத்த இடம் பிடித்துத் தருவதும் ஒரு மேஜிக்தான், அதை நான் வெளியே செய்துகொண்டிருந்தேன். தலைவரின் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினார்.

"என்ன இருந்தாலும் உங்க நாடகம் மாதிரி வராது சார். இப்பல்லாம் யாரு அப்படிப் பண்றாங்க? பக்கத்துல ஒரு இடம் பாருங்களேன், பொன்னாடை கசங்கிடும், ரொம்ப தூரம் நடக்க முடியாது."

இரண்டு கார்களை நகர்த்தச் சொல்லி, வாசலுக்கு நேராகவே இடம் பிடித்துக் கொடுத்தேன். கதவையும் நானே திறந்துவிட்டேன்.