மாப்பிள்ளை வயிற்றுச் சத்தம்

என் மாமனார் குதிரை டாக்டர். பெண் கேட்டு அவர்கள் வீட்டுக்குப் போன அன்று வேலை, சம்பளம் எதையும் அவர் விசாரிக்கவில்லை. என் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். உதட்டை விலக்கி ஈறை அழுத்தினார். பிறகு, "கேட் வரைக்கும் ஓடிட்டு வாங்க" என்றார். ஓடினேன், காதல் அப்படி. "கால்ல நொண்டல் இல்ல. தண்ணிதான் கம்மியா குடிக்கிறீங்க" என்று சொல்லிப் பெண்ணைக் கொடுத்தார். அவர் வாயால் பாராட்டு கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

நெடுந்தூரக் குதிரைப் பந்தயத்தில் நடுவழிச் சோதனை அவர் பொறுப்பு. அவர் சரி என்றால்தான் குதிரை மேலே ஓடலாம். சவாரி செய்கிறவருக்குச் சோதனை கிடையாது. அவர் மயங்கி விழுந்தால் ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டுக் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவார்கள்.

போன வருஷம் சோதனைக்கு முதலில் வந்து சேர்ந்தவர் என் மாமியாரின் தம்பி. மாமியார் காலையிலேயே கணவரை எச்சரித்திருந்தார்: "என் தம்பிய நிறுத்துனீங்க, அப்புறம் நான் உங்களோட பேசவே மாட்டேன்." அது தண்டனையா சலுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

குதிரையின் மேல் வியர்வை காய்ந்து உப்பாகப் படிந்திருந்தது. வாளித் தண்ணீரை அது மோந்துகூடப் பார்க்கவில்லை. மாமனார் அதன் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இரண்டு பக்கமும் கேட்டார்.

"குடல்ல சத்தமே இல்ல. இனி ஓடுனா செத்துரும்."

"உங்க காதுலதான் கோளாறு, அத்தான். இன்னும் கொஞ்ச தூரந்தான்."

மாமனார் வாதாடவில்லை. "மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?" என்றார்.

"இப்பதான்."

என் சட்டையைத் தூக்கித் தொப்பையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். மறுமுனையைத் தம்பிக்காரர் காதில் மாட்டினார்.

"கேக்குதா?"

"இடி இடிக்குது."

"நல்லா இருக்கிற வயிறு இப்படித்தான் சத்தம் போடும். இப்ப இதக் கேளு."

தம்பிக்காரர் குதிரையின் வயிற்றைக் கேட்டார். மறுபடி என் வயிற்றை. மறுபடி குதிரையின் வயிற்றை. முகம் செத்துவிட்டது. "ஒண்ணுமே இல்லையே, அத்தான்" என்றவர், தானே சேணத்தை அவிழ்த்தார்.

குதிரைக்கு டிரிப் ஏற்றினார்கள். மாமியார் யாரோடும் பேசாமல் அதன் விலாவில் காதை ஒட்டி நின்றுவிட்டார். என் வயிறு கடமுட என்றபோதெல்லாம் எல்லோரும் துள்ளி எழுந்து, பிறகு என்னை முறைத்தார்கள். மூன்றாவது தடவை மாமியார் விரலை நீட்டிக் காரைக் காட்டினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். வெகுநேரம் கழித்துக் குதிரை வாலைத் தூக்கி லத்தி போட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். தம்பிக்காரர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். மாமியார் கணவரிடம் போய், "நல்ல வேள, நிறுத்துனீங்க" என்றார்.

என்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கடைசியில் மாமனார்தான் வந்து கதவைத் திறந்தார். பழக்கதோஷத்தில் என் கழுத்துத் தோலைக் கிள்ளினார்.

"தண்ணி குடிங்க, மாப்பிள்ளை."