அப்பாவின் சத்தம்

பீர்மேட்டில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை உருட்டும் ரோலர் அறையில்தான் அப்பா வேலை பார்த்தார். முப்பது வருடத்துக்கும் மேலாகக் கேட்ட இரைச்சல் அவருடைய இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. நம் வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். அவர் பதில் சொன்னால், தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்தின் கடைசி வீடு வரை கேட்கும்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. படிப்பை நிறுத்திவிட்டு வருகிறேன் என்றேன். அப்பா விடவில்லை. விடியுமுன் சோறாக்கி, அம்மாவைக் குளிப்பாட்டித் தலைசீவிவிட்டு வேலைக்குப் போவார். மத்தியானச் சங்கு ஊதியதும் மேடேறி ஓடிவந்து அம்மாவுக்கு ஊட்டுவார். தான் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்ப ஓடுவார். இப்படி ஆறு வருடம். அம்மாவின் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. அவர் சடை பின்னுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தபோது, "எம் பொண்டாட்டி தலய நாந்தான சீவணும்!" என்று கத்தியது எஸ்டேட்டுக்கே கேட்டதாம்.

நான் ஆசிரியையாகி, கோவிந்தாபுரத்தில் வாழ்க்கைப்பட்டேன். அம்மா இறந்த பிறகு அப்பாவை என்னோடு அழைத்துவந்தேன்.

"ஏனுங் சம்பந்தி, காப்பி குடிக்கறீங்களா?" என்று காலையில் மாமியார் அவர் முன்னால் போய் நின்று கேட்பார்.

"குடுங்க மதினி!" என்று அப்பா போடும் சத்தத்தில் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு உடம்பு கூசும்.

ஒருநாள் எங்கள் பள்ளித் தலைமையாசிரியை வீட்டுக்கு வந்திருந்தார். அப்பா உள்ளேயிருந்து வந்து, சந்தோஷமாக, "நல்லா இருக்கீகளா டீச்சர்? எம்மவ நல்லாச் சொல்லிக் குடுக்காளா?" என்றார். அந்தச் சத்தத்தில் தலைமையாசிரியையின் கையிலிருந்த தேநீர் சிந்தியது. நான் அப்பாவைப் பார்த்து விரலை வாயில் வைத்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வைப்பதுபோலத்தான். முகத்தில் கடுமையும் இருந்திருக்கும்.

அப்பா தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அதன் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. காப்பிக்கும் தலையாட்டல், சோற்றுக்கும் தலையாட்டல். பத்தாம் நாள், "ரேஷன் கார்டு சோலி கெடக்கு, போயிட்டு வாரேன் தாயி" என்றார். காற்றுபோல வந்தது குரல். பொய் என்று தெரிந்தும் நான் தடுக்கவில்லை. அவர் ஏறிய பஸ் கிளம்பியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

போனில் எதிர்முனைப் பேச்சு அவருக்குக் கேட்காது. என்றாலும் ஞாயிறுதோறும் கூப்பிட்டுத் தன் சேதியை உரக்கச் சொல்லிவிட்டு வைப்பது அவர் வழக்கம். ஊருக்குத் திரும்பிய பிறகும் கூப்பிட்டார். ஆனால் இப்போது முணுமுணுப்பு மட்டும்தான் கேட்டது. "சத்தமாப் பேசுங்கப்பா" என்று நான் கத்துவேன். அவருக்கு அது எப்படிக் கேட்கும்? கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வைத்துவிடுவேன். லயத்தில் பக்கத்து வீட்டு அக்காவின் போனுக்குக் கூப்பிட்டு, அப்பா என்ன சொன்னார் என்று கேட்டிருக்கலாம். அவருடைய எண் என்னிடம் இருந்தது.

ஒரு புதன்கிழமை, நான் வகுப்பில் இருந்தபோது கூப்பிட்டார். ஞாயிறு இல்லாத நாளில் கூப்பிடுகிறாரே என்று எனக்குத் தோன்றவில்லை. நாலைந்து முணுமுணுப்பு கேட்டது. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த அக்கா அழைத்தார். "அப்பா தவறிட்டாருடி. ரெண்டு மூணு நாளா நெஞ்சு வலிக்குன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன். மக கிட்ட சொல்லிருக்கேன், அவ வருவான்னாரு."

காரியமெல்லாம் முடிந்து திரும்பி வந்த அன்று மாமியார் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்கப்பா பேசுனா இந்த ஊடே நெறைஞ்ச மாதிரி இருக்கும் கண்ணு. அப்புறம் ஏனோ பேசாமயே போயிட்டாரு" என்றார்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். விரல் வைத்தது, நிம்மதிப்பட்டது, போனை வைத்தது, எதையும் மறைக்கவில்லை. திட்டுவார் அல்லது தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டையும் செய்யவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நட போயிப் பாத்துட்டு வந்திருக்கலாமல்ல கண்ணு" என்றார், எழும்போது.

காலையில் கிளம்பினால் சாயங்காலம் பீர்மேடு போய்ச் சேர்ந்துவிடலாம்.